பச்சை உடம்பு

விளக்கைத் தணித்த அறை. திரைக்கு வெளியே
டே நதி, ஈயத் தகடு.
துணியெல்லாம் களைந்து, நாப்பியும் கழற்றி
தராசுத் தட்டில் கிடத்துகிறேன்.
கை உதறுகிறது, தாடை உதறுகிறது,
எண்களும் எய்லியோடு சேர்ந்து உதறுகின்றன:
2371, 2366, 2374.
நிற்கும்வரை காத்திருக்க வேண்டும்.
அவள் நடுங்காதிருக்கும் ஒரு நொடியைத்தான்
எடை என்று எழுதுகிறேன்.

பிறந்தபோது 2610.
நான்கு நாளில் கால் கிலோ எங்கே போயிற்று?
தும்மலில் போயிற்று. கொட்டாவியில்.
வீலென்ற அந்த ஒற்றைக் கம்பிக் குரலில்,
தண்ணீராய்ப் போன மலத்தில்,
விரிப்பில் தேய்த்துத் தேய்த்துத் தோலுரிந்த முழங்காலில்.
முட்டி முட்டிக் குடிக்கிறாள்,
குடித்ததையெல்லாம் நடுக்கத்துக்கே செலவழிக்கிறாள்.

ஹில்டவுன் மருந்துக்கடையில்
கடைக்காரர் கண்முன் விழுங்கி
வாயைத் திறந்து காட்டிவிட்டு
பேருந்து பிடித்து வருகிறாள் டெமி.
மெதடோன், அறுபது மில்லி, பச்சை நிறம்.
இங்கே மகளுக்கு ஊசியில்லாத சிரிஞ்சில்
மார்ஃபின், நான்கு மணிக்கொருமுறை, துளியிலும் துளி.
இருவரும் ஒரே ஏணியில் இறங்குகிறார்கள்.
ஒருத்தி வருடக் கணக்கில், ஒருத்தி நாள் கணக்கில்.

பச்சை உடம்புக்காரி என்போம் பெற்றவளை.
பூண்டுக் குழம்பு வைப்போம்,
காற்றுப் படாமல் காதில் பஞ்சு வைப்போம்.
இவள் நனைந்த ஜாக்கெட்டோடு நிற்கிறாள்.
உதட்டோரம் அந்தப் பச்சை இன்னும் காயவில்லை.

பிள்ளையின் எடையை வெளியே சொல்லாதே,
கண் பட்டுவிடும் என்று வளர்ந்தவள் நான்.
இங்கே அதைச் சொல்லத்தான் சம்பளம்.
ஒன்பதாம் நாள் சொன்னேன்:
"இருபது கிராம் கூடியிருக்கிறது."
புரியவில்லையோ என்று
ஐந்து தேக்கரண்டி சர்க்கரை அளவு என விளக்கப்போனேன்.
டெமி சிரித்தாள், பல் போன பக்கத்தை மறைக்காமல்.
"கிராமை எனக்குச் சொல்லித்தர வேண்டாம், சிஸ்டர்.
பத்தில் ஒரு பங்கைக் கண்ணாலேயே சொல்லுவேன்.
ஒரு பொட்டுக்கூட யாரும் எனக்குக் கூடப் போட்டதில்லை."
பிறகு, மெல்ல:
"இருபதா? முழுசா இருபதா?"

அவளையும் எடை போட்டிருந்தேன் நான்,
வந்த அன்றே, காலணியைப் பார்த்து.
அது எந்த அட்டவணையிலும் இல்லை,
அதனால் திருத்தவும் முடியவில்லை.

பதினொன்றில் மறுபடி இறங்கினாள் எய்லி.
மார்ஃபினைக் குறைத்த மறுநாள் அது.
டெமி அன்று பேருந்தைத் தவறவிட்டாள்,
அல்லது அப்படிச் சொன்னாள்.
பாலில் கலோரியைக் கூட்டினோம். காத்திருந்தோம்.

பதினேழாம் நாள் தராசில்
மறுபடி அந்த உதறல், அந்த எண்கள்.
டெமி குனிந்து,
தொட்டால் எடை ஏறிவிடும் என்று
மகளின் நெஞ்சுக்கு ஒரு விரல் உயரத்தில்
உள்ளங்கையை நிறுத்தி வைத்தாள்.
அந்தச் சூட்டின் கீழே
ஒவ்வொன்றாக அடங்கின தாடை, கை, கால்.
2612.

புறப்பட்ட இடத்துக்கு வந்து சேர
பதினேழு நாள்.
வியாழக்கிழமை சமூகநல அலுவலர்கள் கூடுவார்கள்,
எந்த வீட்டுக்கு எய்லி என்று அன்றுதான் தெரியும்.
"அந்த ரெண்டு கிராம்?" என்றாள் டெமி.
அதற்கு ஆங்கிலத்தில் எனக்குச் சொல் கிடைக்கவில்லை.
கொசுறு, என்றேன்.
"கொசுரு," என்று குழந்தையின் காதில் சொன்னாள்,
தப்பாக, இரண்டு முறை.