சட்டத்துக்கு அடங்காதவள்

பூந்தோட்டம் கடைத்தெருவில்
என் கடைக்கு வராத சாமி இல்லை.
பன்னிரண்டுக்குப் பதினாறில் பெருமாள்,
எட்டுக்குப் பத்தில் வேளாங்கண்ணி மாதா.
வாப்பா தன் கையால் சட்டமடித்த மக்கா
மேலே தொங்குகிறது,
அது மட்டும் விற்பனைக்கு இல்லை.

குணபாலன் கொண்டுவந்தது
குடை வைக்கிற மாதிரி ஒரு நீளப் பெட்டி.
நகோயாவில் வெல்டிங், நாலு வருஷம்.
கோயில் வாசலில் கூடும் பழைய சாமான் சந்தையில்
ஒருவேளைச் சோத்துக் காசுக்கு வாங்கினானாம்.
‘வெள்ளிக்கிழமை கிரகப்பிரவேசம், பாய்.
ஃபிரேம் போட்டுடுங்க.’

நாடாவை அவிழ்த்தேன்.
மேசை முடிந்தது, படம் முடியவில்லை.
கண்ணாடி அறுக்கிற பலகையை இழுத்து ஒட்டிப்போட்டு
மிச்சத்தை அதில் இறக்கினேன்.

மேலே வெறும் வானம்,
வரைந்தவன் கைவைக்காமல் விட்ட வானம்.
கீழே அலை. அலைக்கு நடுவே பாறை.
பாறைமேல் ஒருத்தி,
நாலு நரம்பு வாத்தியத்தை மடியில் சாய்த்து,
இப்போதுதான் வாசித்து நிறுத்தியவள் போல.
உச்சந்தலையில் சுருண்ட வெள்ளைப் பாம்பு.
பாம்புக்குக் கிழவன் முகம்.

‘பென்சைதென். நம்ம சரஸ்வதிதானாம்.’
‘அன்னம் எங்கேப்பா?’
‘பாம்பு இருக்குல்ல.’

எனக்கென்ன தெரியும்.
கூப்பிடு தூரத்தில் கூத்தனூர்க்காரி உட்கார்ந்திருக்கிறாள்,
அவளைக் கேட்டால் சொல்வாள்
எந்த ஆற்றில் இறங்கி
எந்தக் கரையில் ஏறினாள் என்று.

நாலு மூலைக்கும் பாரம் வைத்தேன்:
ஆணி டப்பா, ஃபெவிக்கால், கால் கிலோ எடைக்கல்,
என் மூக்குக்கண்ணாடிக் கூடு.
கூட்டை எடுத்ததும்
மரவட்டை மாதிரி சுருண்டுகொண்டாள்.
சாமியை அப்படிச் சொல்லக்கூடாது.
ஆனாலும் அப்படித்தான்.

ஐந்தரை அடி.
அடியில் உருளைக்கட்டை, இரு முனையிலும் குமிழ்.
சட்டத்துக்குள் அடக்க வேண்டுமென்றால்
குமிழை அறுக்க வேண்டும்.
ரம்பத்தை எடுத்தேன்.
வைத்தேன்.

வெளியே ஐப்பசி.
தீப்பெட்டி உரசினால் பற்றாத காற்று.
முப்பது வருஷமாக
இந்த ஊர்ச் சாமிகளின் முதுகைப் பார்த்தவன் நான்.
கண்ணாடிக்குள் வியர்த்து, பூஞ்சை ஏறி,
முகம் கண்ணாடியோடு ஒட்டிப்போனதும்
உரித்துக் கொடுங்கள் என்று வந்து நிற்பார்கள்.
உரித்தால் கண் ஒரு பக்கம் வரும்,
சிரிப்பு ஒரு பக்கம்.

‘ஃபிரேம் வேண்டாம் தம்பி. ஓர் ஆணி போதும்.
விசேஷத்துக்கு மாட்டு, மறுநாள் சுருட்டி வை.
அவளுக்கும் அதுதான் பழக்கம் போல.’

‘சாமியைச் சுருட்டிப் பீரோவுலயா? அம்மா விடாது பாய்.
கண்ணாடி இல்லேன்னா
பொட்டை எங்கே வைக்கிறது?’

நியாயமான கேள்வி.
இத்தனை கண்ணாடி வெட்டியும் எனக்குத் தோன்றவில்லை,
தூசிக்காக அல்ல,
விரலுக்காகத்தான் அது என்று.

‘வைச்சாச்சு போலிருக்கே’ என்றேன்.
அலை முடிகிற இடத்தில்
மஞ்சள்மேல் குங்குமம்,
செண்பகவல்லியம்மாளின் மோதிர விரல் ரேகையோடு.

அவன் முகம் மாறியது.
‘எடுக்க முடியுமா?’
பட்டு குடித்ததை யார் எடுப்பது.

கீழிருந்து சுருட்டினேன்.
முதலில் கட்டை, பிறகு அந்தப் பொட்டு,
கடல், பாறை, வாத்தியம்,
கண்ணைத் திறந்தபடியே அவள்,
கடைசியாக அந்த வெறும் வானம்.
உள்ளே, இருட்டில்,
குங்குமம் காகிதத்தின் முதுகைத் தொட்டிருக்கும்.
அடுத்த ஆயுத பூசைக்குப் பிரிக்கும்போது
பின்புறம் ஒரு பொட்டு இருக்கும்.
அதற்கடுத்த வருஷம் விரற்கடை தள்ளி
இன்னொன்று, வெளிறலாக.

ஆணி இரண்டு ரூபாய்.
பத்து ரூபாயை நீட்டினான், சில்லறை இல்லை,
ஐந்து ஆணியாகக் கொடுத்தேன்.
மயிலாடுதுறையில் வேறு கடை இருக்கிறது,
கேட்டால் அறுத்துத் தருவார்கள்.
அது அவனுக்கும் தெரியும்.

மழை பிடித்திருந்தது.
பெட்டியைக் குடைக்குள் சாய்த்துக்கொண்டு
அரசலாற்றுப் பாலம் பக்கமாக நடந்தான்.
முதுகு நனைந்தது
அவனுக்குத்தான்.