தோண்டி எடுத்தது

விடிகாலை ஐந்தரைக்கு ரொட்டி லாரி வரும்.
நாற்பது வெள்ளை ரொட்டி, துண்டு போடாதது.
நாலாக அறுத்து நடுவைக் கிள்ளி எடுத்தால்
கிண்ணம் தயார்.
ஆட்டுக்கறியை ஊற்றுவோம், இல்லையென்றால் பீன்ஸ்.
கிள்ளிய பஞ்சை மேலே மூடியாக வைப்போம்.
சாட்ஸ்வர்த்தில் அந்தப் பஞ்சுக்கு ஒரு பேர் உண்டு,
கடையில் பையன்கள் கத்துவது;
இங்கே எழுதமாட்டேன்.

எனக்கு ஒத்துக்கொள்வது அந்தப் பஞ்சுதான்.
தோலில்லை, விதையில்லை, நாரில்லை.
நாலு வருஷம் முன்னால்
சிறுகுடல் பெருங்குடலைத் தொடும் இடத்தில்
முப்பது சென்டிமீட்டர் அறுத்தெடுத்தார்கள்.
கத்தி பிடித்தவரைக் கேட்க நினைத்தேன்:
அதை எதற்கு மூடியாக வைத்தீர்கள்?

க்ரோன்ஸ். அத்தைமார் வாயில் நுழையவில்லை.
ஒருத்தி அல்சர் என்றாள், ஒருத்தி கண்ணேறு.
மிளகாயைக் குறை என்றாள்
சந்தையில் எனக்கு மிளகாய் விற்பவள்.

போன பிப்ரவரியில் புண் மறுபடி வாய் திறந்தது.
ஆறு வாரம் டப்பாப் பொடிதான், தண்ணீரில் கலக்கி.
காலையில் வனிலா. மத்தியானம் வனிலா.
அந்தப் புழுக்கத்தில் அடுப்படியில் நின்று
இருபது கிலோ வெங்காயம் வதக்கிக்கொண்டே
வனிலா.
"உப்புப் பார், ஹ்லெங்கிவே" என்று கரண்டியை நீட்டுவேன்.
சப்புக்கொட்டி, கூரையைப் பார்த்து,
"இன்னும் ஒரு கை" என்பாள்.
ஆறு வாரம் என் நாக்கு அவள் வாயில் இருந்தது.
முன்னைவிட இப்போது ருசி கூட என்றான்
பஸ் ஓட்டும் கூபேந்திரன்.
அவளுக்குச் சம்பளம் கூட்டினேன்,
கொஞ்சம் வயிற்றெரிச்சலோடு.
அது வேறு எரிச்சல்.

அப்புறம் ஒவ்வொன்றாக உள்ளே விட்டேன்,
கதவுத் துவாரத்தில் முகம் பார்த்துத்
தாழ் திறப்பதுபோல.
பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதினேன்.
பூசணி, தோல் சீவிக் குழைய வேகவைத்து: சரி.
முட்டை: ஒன்று என்றால் சரி.
அமாசி, ஹ்லெங்கிவே அம்மா புளிக்கவைத்தது: சரி, சரி.
சோளக்கதிர்: ஐயோ.
தக்காளி, வடிகட்டியும்:
ராத்திரி ரெண்டு, மூன்று, மூன்றேகால்.
கரண்ட் இல்லை. டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு
குளியலறைச் சுவரில் ஓடுகளை எண்ணினேன்.
நூற்றுப் பன்னிரண்டு, ஒன்று விரிசல்.
மார்ச்சில் சரி என்று எழுதியது
ஜூலையில் சரியில்லை.
புத்தகத்தின் மேல் கோபித்து என்ன பயன்?

கல்யாணப் பந்தியில்
வெறும் சோறு போதும் என்றால்
"விரதமா?" என்பார்கள். ஆமாம் என்றுவிடுவேன்.
எந்தச் சாமிக்கு என்று கேட்பவர்களுக்கு
வாய்க்கு வந்த சாமி.
இப்படித்தான் டர்பனில் எனக்குப்
பெரிய பக்தை என்று பேர் வந்தது.
புரட்டாசியில் ஊரே கறியை விட்டுவிடும்,
ஒரு மாசம் என்னை யாரும் ஒன்றும் கேட்பதில்லை.
அந்த மாசம் ஊர் தின்பது பீன்ஸும் பருப்பும்;
எனக்கு இரண்டும் ஆகாது.
ஆனாலும் கேள்வியில்லை பாருங்கள்,
அது ஒரு நிம்மதி.

நேற்று ஞாயிறு. கடை அடைக்கும் நேரம்.
சட்டியின் அடியில் ஆட்டுக்கறிக் குழம்பு,
உருளைக்கிழங்கு கரைந்து கெட்டியாக.
என் கையில் ஒரு துண்டுப் பஞ்சு.
ஹ்லெங்கிவே பார்த்தாள்.
விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு
ஏற்கெனவே பெருக்கிய முன்பக்கத்துக்குப் போனாள்.

எண்ணெயை ஒதுக்கி
விரல்நுனி அளவு தொட்டேன்.

உப்பு ஒரு கை கூட.
இதைத்தான் ருசி என்றான் போல.

பில் புத்தகத்தில் தேதி போட்டிருக்கிறேன்,
ஆட்டுக்கறிக் குழம்பு என்று எழுதி
இரண்டு புள்ளி வைத்திருக்கிறேன்.
மணி ஒன்றேமுக்கால்.