செல்லாத விதை

ராயக்கோட்டைச் சந்தையில் ஒரு பானை வைத்தோம்,
வாயில் துணி கட்டி, கை நுழையும் அளவு கிழித்து.
முத்திரை வேண்டும் என்பவர்க்குப் புளியங்கொட்டை.
வேண்டாம் என்பவர்க்கு ஆமணக்கு.
எழுத்துத் தெரிந்தவர் இருபது பேர்தான்,
விதை தெரியாதவர் யார்?

சேலம் ஜெயில் கம்பளி லாரியில் வந்து இறங்கியது,
ஒன்று நாலேகால் ரூபாய்.
அதே நீளம் நம் தறியில் ஆறு.
"கூலி இல்லாத கையோடு
என் கை எப்படிப் போட்டி போடும்?" என்றார் பீரப்பன்.
"மூலையில் ஜெயில் சரக்கு என்று குத்துங்கள்.
மானமுள்ளவன் தொடமாட்டான்."
தலையாட்டினேன்.
பஞ்சாயத்துக் குமாஸ்தாவுக்குத் தலை வேறெதற்கு?

வியாபாரி அமீர் ஜான் சிரித்தார்:
"ராத்திரி மூணு மணிக்குப் போர்த்துறவன்
மூலையைப் படிப்பானா சாமி?"

விதையை வாயில் அதக்கிக்கொண்டு
ஒரு பையன் வந்தான். ஓட்டில்லை என்று விரட்டினேன்.
கடைசியாக லக்குமக்கா.
மகன் உள்ளே இருந்தான்,
வரப்புத் தகராறு, ஒரு மண்வெட்டி, ஏழு வருஷம்.
ஊர் பானையை விட்டுவிட்டு
அவள் மூடிய கையைப் பார்த்தது.

லாந்தர் வெளிச்சத்தில் சாக்கில் கொட்டி எண்ணினேன்.
புளி இருநூற்றுப் பதினாலு.
ஆமணக்கு இருநூற்று மூன்று.
ஒரு கொள்ளு.
செல்லாது என்று எழுதினேன்.

நான் கேட்கவில்லை. மறுநாள் கிணற்றடியில் அவளே சொன்னாள்:
"அவன் நெஞ்சது எதுன்னு எனக்குத் தெரியணும்.
அதைப் பார்த்து ஒருத்தனும் மூஞ்சி சுளிக்கக் கூடாது.
ரெண்டுக்கும் சேர்த்து
எந்த விதை வச்சிருந்தே, சொல்லு."

முத்திரை விழுந்தது,
கருப்புக் கம்பளியில் உள்ளங்கை அகல வெள்ளை வட்டம்.
ஒரு மாசம் சரக்கு தேங்கிக் கிடந்தது.
மார்கழிப் பனியில் யாரோ சொல்லிவிட்டான்,
ஜெயில் கம்பளியில் எடைத் திருட்டு இல்லையாம்,
வார்டர் நின்று நிறுப்பானாம்.
அப்புறம் மூலையைப் புரட்டாமல்
எவனும் மடிக்காசை அவிழ்க்கவில்லை.

தை பிறக்குமுன் உள்ளூர்க் கம்பளியிலும்
அதே வட்டம் முளைத்தது.
அவசரத்தில் கொம்பை விட்டுவிட்டார்கள்:
'ஜயில் சரக்கு'.
பீரப்பன் வாசலில் வெள்ளைச் சாயக் கிண்ணத்தை
நான் பார்க்கவில்லை.
பார்க்கவில்லை என்றுதான் பதிவேட்டிலும் இருக்கிறது.

சந்தைக்குச் சந்தை லக்குமக்கா குவியலைக் கிளறினாள்.
எல்லா மூலையும் ஒரே வட்டம்.
அவள் விரலைப் பிடித்து
அந்தக் கொம்பின் மேல் வைத்தேன்.
"இந்தச் சுழி இருந்தா அங்கிருந்து வந்தது.
இல்லைன்னா நம்ம தெரு."
"இது என்ன எழுத்து?"
"எழுத்தில்லை. எழுத்துக்கு முன்னால வர்றது."

அதற்குப் பிறகு கண் தேவைப்படவில்லை அவளுக்கு.
பேச்சு ஒரு பக்கம், விரல் ஒரு பக்கம்,
சாயம் தடித்த இடத்தில் நிற்கும்.
வாங்கமாட்டாள்.
மடிப்புக் கலையாமல் திரும்ப வைத்துவிட்டு
எதிர்க்கடையில்
அரைப்படி கொள்ளு அளக்கச் சொல்வாள்.