பிரிட்ஜுக்குள் சாவி

பள்ளத்தூரில் அரை நாள் வாடகைக்கு
ஒரு வீட்டின் இரண்டாங்கட்டு கிடைத்தது.
முகப்பைக் கேட்டோம், அதற்குத் தனி ரேட்டாம்.
எங்கள் கதையில் யாருக்கும்
முகப்பு வழியாக வரும் வேலை இல்லை என்று
நின்ற இடத்திலேயே திருத்தி எழுதினான் தமீம்.

அடுத்த தெருவில் சீரியல் ஷூட்டிங்.
அவர்களுடைய ஜெனரேட்டர்
நாலு சுவர் தாண்டி என் காதுக்குள் ஓடுகிறது.
அதை அணைத்துவிட்டு அவர்கள் சாப்பிடப் போகும் நேரம்தான்
எங்களுக்குப் படம் எடுக்கும் நேரம்.
ஒன்றே காலிலிருந்து இரண்டு.

நான் ஒலி.
பெயிண்டர் முனியசாமியிடம் இரவல் வாங்கிய கோலின்
நுனியில் மைக்கைக் கட்டியிருக்கிறேன்.
யார் வீட்டுப் பச்சையோ இன்னும் அதில் ஒட்டியிருக்கிறது.
ஆத்தங்குடிக் கல் தரை
நாம் செருமினால் திருப்பிச் செருமும்.
மண்டபத்திலிருந்து ஜமுக்காளம் நாலு வாங்கிவந்து
கேமராவுக்குத் தெரியாத பக்கமெல்லாம் விரித்தேன்.
யாரும் சொல்லித் தரவில்லை.
முதல் படத்தில் வசனம் மொத்தமும்
கிணற்றுக்குள் விழுந்து கிடந்தது. அதுதான் சொன்னது.

பிரிட்ஜின் முனகலை நிறுத்த வேண்டும்.
"மாவு புளிச்சிரும் தம்பி" என்றார்
காவல்காரர் வீட்டுப் பாக்கியம்.
திரும்பப் போட மறக்கக் கூடாதென்று
பைக் சாவியை மாவுச்சட்டி மேல் வைத்து மூடினேன்.
சாவி இல்லாமல் எங்கே போய்விடுவேன்?
இது மட்டும், முகம் காட்டாத எவனோ ஒருவன்
நள்ளிரவில் செல்போனில் சொன்னது.
அவன் மொழி பாதிதான் புரிந்தது.
சாவி புரிந்தது.

செல்வராணி நடிக்கிறாள்.
காரைக்குடியில் நகைக்கடன் கவுண்டரில் வேலை,
ஞாயிறு மட்டும் எங்களோடு.
அடகுக்காரராகக் காவல்காரர் பூமிநாதன்,
வசனம் கிடையாது.
கடைசி வளையலைக் கழற்றித் தரும் காட்சி.
தாளில் தமீம் எழுதியிருந்தான்: உடைந்து அழுகிறாள்.

"எட்டு வருசமா எதிர்ப்பக்கம் உக்காந்து பாக்குறேன்.
யாரும் அழுறதில்ல.
எடைய இன்னொரு தடவை கேப்பாங்க.
சில பேரு பேனா கேப்பாங்க."

தமீம் தாளைப் பார்த்தான், மணியைப் பார்த்தான்.
ஒன்று முப்பத்தைந்து.

முதல் டேக்கில் ஒரு புறா.
இரண்டாவதில் என் கோலின் நிழல் அவள் தோளில்.
மூன்றாவதில்
வளையல் வரவில்லை. நிஜமாகவே மாட்டிக்கொண்டது.
கட் சொல்ல வாயெடுத்தவன் சொல்லவில்லை.
எச்சில் தொட்டுத் திருகிப் பார்த்தாள்.
பஸ்ஸில் சில்லறை கேட்கும் குரலில்
"சோப்பு இருக்கா?" என்றாள்.
பூமிநாதன் எழுந்து
சோப்பு தேடப் போய்விட்டார்.

என் கை நடுங்கியது.
கோல் நீளம்; மணிக்கட்டில் இம்மி என்றால்
நுனியில் ஒரு சாண்.
பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

பிறகு அறையின் சும்மா ஒரு நிமிடம்,
வெட்டிய இடங்களுக்கு அடியில் விரிக்க.
அவரவர் நின்ற இடத்தில் நின்றோம்.
ஓட்டில் வெயில் நெரியும் சத்தம்.
தூரத்தில் ரயில்.
யார் வயிறோ இரைந்தது, நாங்கள் சாப்பிடவில்லை.
ஐம்பதாவது விநாடியில்
செல்வராணி ஒரே ஒருமுறை மூக்கை உறிஞ்சினாள்.
ஜலதோஷமாகவும் இருக்கலாம்.
அழிக்காமல் வைத்திருக்கிறேன்.

ஜெனரேட்டர் எழுந்துகொண்டது.
ஒயர் சுருட்டி, ஜமுக்காளம் உதறி,
தெருவுக்கு வந்து பை பையாகத் துழாவி
தலையில் அடித்துக்கொண்டு திரும்பி ஓடினேன்.

ஸ்விட்சைப் போட்டுவிட்டுக்
கதவைத் திறந்து எடுத்துக் கொடுத்தார் பாக்கியம்.
சாவி சில்லென்றிருந்தது.
கதவை மூடாமலே கேட்டார்:
"வளையல் கழண்டுச்சா அந்தப் புள்ளைக்கி?"