உரிக்காத முகம்

தடா தாண்டி இரண்டாவது கம்பெனி.
கேன்டீன் வாசலில் ஒரு பெட்டி:
பச்சையில் சிரிப்பு, மஞ்சளில் சும்மா, சிவப்பில் சுளிப்பு.
'இன்று வேலை எப்படி இருந்தது?'
தமிழில், தெலுங்கில், இந்தியில்.
மேலே கேமரா.
அதற்கு வயரே இழுக்கவில்லை என்பது
எனக்கு மட்டும் தெரியும்.

பச்சை அழுந்தினால் எழவில்லையென்று
செவ்வாய்க்கிழமை கூப்பிட்டார்கள்.
திருப்புளி போட்டுத் திறந்தேன்.
பச்சைக்கு வாய் தேய்ந்து
கண்கள் மட்டும் மிச்சம்.
சிவப்பின் மேல்
வாங்கியபோது ஒட்டியிருந்த பாலிதீன் தாள்
அப்படியே.

ஸ்பிரிங் மாற்றினால்
மூன்றையும் ஒருமுறை அழுத்திப் பார்ப்பது வழக்கம்.
பார்த்தேன்.

ஷிஃப்ட் விட்டும் பஸ் கிளம்பவில்லை.
கோட்டேஸ்வர ராவ் படியில் ஏறி நின்று
'எவரு? சிவப்பு எவரு?' என்றார்,
கோபமாக இல்லை,
வீட்டில் யாருக்கோ காய்ச்சல் கண்டதுபோல.

நாகவேணி ஜன்னலைப் பார்த்தாள்.
தில்ஷாத் அடையாள அட்டையைத் திருப்பிப் போட்டாள்.
முன்சீட்டுக்காரி திரும்பி
'நீதானே' என்று கண்ணால் கேட்க,
ஜெபசீலி இல்லையென்று சொல்லவில்லை.
கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

பின்சீட்டில் நான்,
மடியில் கருவிப் பை.
டெஸ்டிங் என்று ஒரு வார்த்தை போதும்,
பஸ் நகர்ந்துவிடும்.

ஆரம்பாக்கம் வந்து சேர எட்டரை ஆனது.
யாரும் முணுமுணுக்கவில்லை.

மறுநாள் சிவப்பில் பதினொன்று.
அதில் ஒன்று என்னுடையது.
அன்று நான்
எதையும் பழுது பார்க்கவில்லை.