ஒன்பது பெரிது

சாட்ஸ்வொர்த், யூனிட் ஏழு.
மின்வெட்டுக்கு இன்னும் நாற்பது நிமிடம்.
முதல் நிரல் என்பதால் ஏலம் எளியதுதான்:
ஒரு பட்டியல், ஒரு சுழற்சி,
யார் கூடுதலாகக் கேட்கிறாரோ அவர் பெயரை
எழுதிவைக்க ஒரே ஒரு வரி.

பட்டியலுக்குக் கார் வேண்டுமே.
கொரோலா, கோல்ஃப், ஒரு பழைய பக்கி,
கடைசியில் கை தானாகவே தட்டியது
வெள்ளைக் கிரெசிடா, பின்கதவில் பள்ளம்.

அதை நிஜமாகவே ஏலம் விட்டார்கள், இசிபிங்கோவில்,
மூன்று தவணை தவறியதும்.
குபேந்திரன் ஒன்பதாயிரத்து ஐந்நூறு ரேண்டை
உறையில் போட்டுக்கொண்டு போனான்.
தொப்பிக்காரர் ஒருவர் வாயே திறக்காமல்
விரலைத் தூக்கினார்: பன்னிரண்டாயிரம்.
எண் எழுதிய அட்டையைத் திருப்பிக் கொடுக்கவும் மறந்து
வீட்டுக்கு நடந்தே வந்தான்.

இன்று சோதனைக்கு அதே தொகைகள்.
9500, குபேந்திரன்.
12000, தொப்பி.
வென்றவர்: குபேந்திரன்.

மறுபடி ஓட்டினேன். குபேந்திரன்.
தொப்பிக்கு எட்டு லட்சம் கொடுத்துப் பார்த்தேன்.
குபேந்திரன்.

அப்புறம்தான் உறைத்தது. எண்களை நான்
எழுத்துகளாக வாங்கியிருக்கிறேன்.
அகராதி புரட்டுகிற மாதிரி
முதல் எழுத்தைப் பார்க்கிறது இந்த மடையன்.
ஒன்றைவிட, எட்டைவிட, ஒன்பது பெரிது.
அதன் கணக்கு அவ்வளவுதான்.

திருத்த ஒரு சொல் போதும்.
கர்சர் சரியாக அந்த இடத்தில்தான் துடிக்கிறது.
பக்கத்து அறையில் பல் துலக்குகிறான்,
விடிகாலை நாலரைக்கு டாக்சி பிடிக்க வேண்டியவன்.

"அண்ணா, இங்கே வா."
நுரைத்த வாயோடு வந்து திரையைப் படித்தான்.
போய்க் கண்ணாடியை எடுத்து வந்து
இன்னொரு முறை படித்தான்.
"சாவி எங்கே?" என்றான்.