வில்லங்கச் சான்று

களியக்காவிளைப் பேருந்து நிலையத்துக்கு எதிரே
ஜெராக்ஸ் கடையின் மாடியில்
பத்திரம் எழுதுகிறேன்.
முப்பது வருஷத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்ப்பது
என் பிழைப்பு.
நிலம் தனியாக வருவதில்லை.
அடமானம் வரும், கிணற்றுப் பாத்தியம் வரும்,
பங்காளியின் வழிப்பாதை வரும்,
செத்துப்போன யாரோ வாங்கிய கடன்
வட்டியோடு கூடவே வரும்.

ஞாயிற்றுக்கிழமை மகளுக்கு ஞானஸ்நானம்.
பிறந்து ஐம்பத்தொரு நாள்.
ஜென்மப் பாவம் கழுவணும்லா என்கிறார் உபதேசியார்,
நோட்டில் பெயர் எழுதிக்கொண்டே.
எத்தனை தலைமுறைக்கு வில்லங்கம் பார்த்தீர் என்று
நாக்குவரை வந்தது. கேட்கவில்லை.
முதல் பட்டாதாரரின் கைநாட்டு
எந்தப் பதிவேட்டிலும் கிடைக்காது.

பாறசாலையிலிருந்து மாமியார் வந்தாள்,
பை நிறைய ஏத்தங்காய் உப்பேரியோடு.
குழந்தையை மடியில் மலர்த்திப் போட்டு
குதிகாலை முகர்ந்து
'பாவம்' என்றாள்.
எனக்குச் சுருக்கென்றது.
ஷைனி சிரித்தாள்.
அம்மா சொன்னது அந்தப் பாவம் இல்லை.
அதற்கு எங்களிடம் பாபம் என்று வேறு சொல் உண்டு.
இது சூது தெரியாததைச் சொல்வது.

சோதனைச் சாவடியில்
கோழி லாரியைத் தடுக்கிறார்கள்,
அரிசி மூட்டையைக் கம்பியால் குத்திப் பார்க்கிறார்கள்.
ஒரு சொல்
அந்தப் பக்கம் இரண்டாகப் போகிறது,
இந்தப் பக்கம் ஒன்றாகத் திரும்பி வருகிறது.
அதைத் தடுக்க ஆளில்லை.

எங்கள் விளையில் பதினொரு ரப்பர் மரம்
எங்களுடையதல்ல.
இடவப்பாதி மழை ராத்திரி ஒன்றில்
அப்பா எல்லைக்கல்லைப் பெயர்த்து
நேசையன் விளைக்குள்
ஒரு வரிசை தள்ளி நட்டார்.
அரிக்கேன் விளக்கைப் பிடித்திருந்தவன் நான்.
பத்து வயசு.
'வெளக்கச் சாய்ச்சுப் பிடி மக்கா' என்றார்.
சாய்த்துப் பிடித்தேன்.

அந்தப் பதினொரு சிரட்டைப் பால்
ஷீட்டாகிப் புகையில் பழுத்து
எனக்குத் தட்டச்சு வகுப்புக் கட்டணமானது.
லோயர். பிறகு ஹையர்.
அந்த விரல்களால்தான் ஊருக்கெல்லாம்
'யாதொரு வில்லங்கமும் இல்லை' என்று
அடித்துக் கொடுக்கிறேன்.

சனிக்கிழமை இருட்டியபின் கடப்பாரையோடு போனேன்.
பழைய மரங்களை வெட்டி மறுநடவும் செய்தாயிற்று.
கல் முன்பு இருந்த இடம்
எனக்கே பிடிபடவில்லை.
டார்ச் வெளிச்சம் வந்தது,
பின்னால் நேசையனின் மகள் ஸ்டெல்லா பாய்.
'கல்லையா தேடுதிய?
எனக்க அப்பன் அண்ணைக்கு ஜன்னல்ல நின்னு பாத்தாரு.
நீங்க வெளக்கு பிடிச்சுட்டு நின்னதையும்.'
ஏன் சத்தம் போடவில்லை?
'அத அவருட்டல்லா கேக்கணும்.'
அவர் இறந்து பன்னிரண்டு வருஷம்.
கணுக்காலில் கொசுவை அடித்துக்கொண்டே
'பாவம்' என்றாள்.

யாரை என்று கேட்கவில்லை.
எந்தப் பாவம் என்றும்.
நாங்கள் இருவரும் இந்தப் பக்கத்து ஆட்கள்.

மறுநாள் கோவிலில்
சாமியார் மூன்றுமுறை தண்ணீர் ஊற்றினார்.
மகள் அழவில்லை,
கொட்டாவி விட்டாள்.
அவள் காதோரம் வழிந்த தண்ணீர்
என் சட்டைக் கைக்குள் இறங்கி
முழங்கை வரை குளிர்ந்தது.

திங்கட்கிழமை முத்திரைத்தாள் வாங்கினேன்.
எழுதிக்கொடுப்பவர் வறுவேல் மகன் மிக்கேல்தாஸ்.
எழுதி வாங்குபவர் நேசையன் மகள் ஸ்டெல்லா பாய்.
எனக்கோ என் வாரிசுகளுக்கோ
இனி யாதொரு பாத்தியமும் இல்லை
என்ற வரியை முதலில் அடித்துவிட்டேன்.
அளவு எழுதுமிடம் காலியாக இருக்கிறது.
சர்வேயருக்கு வியாழக்கிழமைதான் ஒழியுமாம்,
அதுவும் மழை இல்லாவிட்டால்.